இங்கே கள்ளு கிடைக்காது

புதுக்கோட்டைப் பக்கம் நார்த்தாமலை விலக்கிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, இரண்டு புளியமரங்களை ஒட்டி ஆண்டியப்பனின் கல்லுக்கடை இருக்கிறது. கடை என்றதும் கூரையும் கல்லாப்பெட்டியும் நினைக்க வேண்டாம். கம்பிவேலிக்குள் கால் ஏக்கர் தரை, தரை நிறையக் கல், அவ்வளவுதான். வேலிக்கு நடுகிற கல்தூண், வாசற்படிக்கல், துணி துவைக்கிற கல், அம்மி, ஆட்டுரல். நடுவில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் கல் அறுக்கும் மெஷின்.

ஆண்டியப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. பதினோரு வருஷம் மஸ்கட்டில் மார்பிள் அறுக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். அங்கே கல்லோடு கிடந்ததில் இடது காது பாதி போய்விட்டது. ஆனால் ஒரு கல்லை விரலால் தட்டிப் பார்த்தே உள்ளே வெடிப்பு இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். வெற்றிலைகூடப் போடமாட்டார். கல்யாண வீட்டில் பந்தி முடிந்ததும் மண்டபத்துக்குப் பின்னால் கூடுகிற கூட்டம் அவரைக் கண்டால் பேச்சை மாற்றிவிடும். இத்தனை சுத்தமான மனிதரைத் தேடித்தான் மூன்று மாவட்டத்துக் குடிகாரர்களும் வந்து சேர்ந்தார்கள்.

கடை உள்ளே தள்ளி இருப்பதால் வியாபாரம் மந்தம். மெயின் ரோட்டில் போர்டு வைத்துப் பார்த்தார். ஆடிக்காற்று ஒரு போர்டைக் கொண்டுபோனது. இன்னொன்றை யார் கொண்டுபோனார்கள் என்று தெரியவில்லை.

"இப்ப ரோட்டப் பாத்துக்கிட்டு யாருங்க போறா? போனப் பாத்துக்கிட்டுல்ல போறாக. நாமளும் அதுக்குள்ள போயிர வேண்டியதுதான்" என்றாள் அவர் மனைவி மீனம்மாள்.

அப்படித்தான் அவர் கீரனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற செவந்தியின் மாடியறைக்குப் போனார். செவந்தி நாற்பது வயதுக்காரி. பட்டா மாறுதல், வாரிசுச் சான்றிதழ், பரீட்சை விண்ணப்பம் என்று எது கேட்டாலும் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுப்பாள். வெப்சைட்டும் செய்வாள்.

"சைட்டுக்கு என்ன பேருண்ணே வைக்கலாம்?"

"ஆண்டியப்பன் அன் கோ" என்றார் ஆண்டியப்பன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த பெயர்.

செவந்தி தலையாட்டினாள், வேண்டாம் என்று. "ஒங்க பேர யாருண்ணே தேடப்போறா? சேலத்துல ஒருத்தனுக்குக் கல்லு வேணும்னு வையுங்க. அவன் ஆண்டியப்பன்னா அடிப்பான்? கல்லு கடைன்னு அடிப்பான், புதுக்கோட்டைன்னு அடிப்பான். அவன் அடிக்கிற வார்த்தையே சைட்டு பேரா இருந்துச்சுன்னா, தேடுற மெஷினு இவந்தான் சரியான ஆளுன்னு தூக்கி முன்னால வச்சிரும். டப்பாவத் தொறக்கிறதுக்கு முன்னால மேல ஒட்டியிருக்கிற சீட்டத்தானே படிக்கிறோம்?"

ஆண்டியப்பனுக்கு அது நியாயமாகப் பட்டது. புதுக்கோட்டை, கல்லு, கடை மூன்றையும் இங்கிலீஷ் எழுத்தில் இடைவெளி விடாமல் சேர்த்து அடித்து, பின்னால் டாட் காம் போட்டாள் செவந்தி. யாரும் அந்தப் பெயரை எடுத்திருக்கவில்லை. நமக்காகவே காத்திருந்திருக்கிறது என்று இருவருக்கும் சந்தோஷம். தமிழில் ல வேறு, ள வேறு என்பதும், இங்கிலீஷில் இரண்டுக்கும் ஒரே எல்தான் என்பதும் இருவருக்கும் தெரிந்த விஷயம்தான். அன்றைக்கு அது இருவர் நினைவுக்கும் வரவில்லை.

பத்தாவது நாள் முதல் போன் வந்தது. கொட்டகையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஆண்டியப்பன் போனைப் பழக்கதோஷத்தில் இடது காதில் வைத்துக்கொண்டார்.

"அண்ணே, கல்லு இருக்குங்களா?"

"இருக்குங்க. எத்தன வேணும்?"

"நாங்க அஞ்சு பேரு வாரோம்ணே."

"தாராளமா வாங்க. அஞ்சு பேரு இருந்தாத்தான் தூக்கவே முடியும்."

அந்தப் பக்கத்துக் குரலில் மரியாதை கூடிவிட்டது. "அவ்வளவு ஸ்ட்ராங்காண்ணே?"

"ஒங்க பேரன் காலம் வரைக்கும் நிக்கும்."

"கலப்படம் ஏதும்..."

"கல்லுல என்னங்க கலப்படம் பண்ண முடியும்?"

"இன்னைக்கு எறக்கினதுதானேண்ணே?"

"காலைல அஞ்சு மணிக்கு எறக்கினோம். இன்னும் யாரும் தொடல. மொத ஆளு நீங்கதான்."

பன்னிரண்டு மணிக்குத் துறையூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கார் வந்தது. ஐந்து பேர் இறங்கினார்கள். கையில் இரண்டு வெள்ளைக் கேன், இலையில் மடித்த வறுத்த மீன். கல் வாங்க வருகிறவர்கள் கயிறும் சாக்கும் கொண்டுவருவார்கள். இவர்கள் கேன் கொண்டுவந்திருக்கிறார்களே, டீசல் வாங்கப் போகிற வழி போலிருக்கிறது என்று ஆண்டியப்பன் நினைத்துக்கொண்டார்.

"மரம் எங்கிட்டுண்ணே இருக்கு?" என்று கேட்டார், கூட்டத்தில் பெரியவராகத் தெரிந்தவர்.

"மரமா? இந்தா, ரெண்டு புளியமரம் நிக்குதே."

"புளியமரத்துலயா எறக்குறீங்க?"

"நெழலுக்கு அங்கிட்டுத்தாங்க எறக்குவோம். லாரி அதுவரைக்கும் வந்துரும்."

"லாரியில வருதா?" என்றார் பெரியவர். ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் கண்ணில் தண்ணீரே தளும்பியது. ஆண்டியப்பன் அவர்களை அழைத்துக்கொண்டுபோய் ஆட்டுரல் வரிசையைக் காட்டினார். இளைஞர் ஒருவர் குனிந்து உரல் குழிக்குள் எட்டிப் பார்த்து, "இதுலதான் ஊத்தித் தருவீங்களாண்ணே?" என்றார்.

கொட்டகை வாசலில் நின்ற மீனம்மாளுக்குத்தான் முதலில் விளங்கியது.

"ஏங்க, இவுக கேக்கிறது குடிக்கிற கள்ளுங்க."

பெரியவர் தன் போனை எடுத்துப் பார்த்தார், சுற்றிலும் கிடந்த கல்லைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். பிறகு, "இவ்வளவு தூரம் வந்துட்டோம், மீன மட்டுமாவது சாப்பிட்டுக்கிறோம்" என்றார். படிக்கல்லில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மீனம்மாள் தண்ணீர் கொடுத்தாள்.

அன்றிலிருந்து நாளுக்கு ஆறு போன். யாருக்கும் கல் வேண்டாம். ஆண்டியப்பன் கீரனூருக்கு பஸ் ஏறினார்.

"பேர மாத்திரலாமாண்ணே?" என்றாள் செவந்தி. "ஆனா புதுப் பேரு வச்சா மறுபடி முதல்ல இருந்து ஏறி வரணும். அதுக்குப் பதிலா உள்ள தெளிவா ஒரு அறிவிப்பு போட்டுருவோம்."

ஆண்டியப்பன் சொல்லச் சொல்லச் செவந்தி அடித்தாள். இது கல்லுக்கடை, கள்ளுக்கடை அல்ல. இங்கே கள்ளு கிடைக்காது. பனங்கள்ளு கிடைக்காது. தென்னங்கள்ளு கிடைக்காது. ஈச்சங்கள்ளும் கிடைக்காது. சுத்தமான கள்ளு, கலப்படமில்லாத கள்ளு, காலையில் இறக்கிய கள்ளு என எதுவும் எங்களிடம் இல்லை. போன் வந்த ஊர்களை நினைவுபடுத்திக்கொண்டு, திருச்சி, தஞ்சாவூர், மதுரை, காரைக்குடி அன்பர்களும் கள்ளுக்காக இங்கே வரவேண்டாம் என்று சேர்க்கச் சொன்னார். தமிழ் படிக்கத் தெரியாதவர்களும் இருப்பார்களே என்று செவந்தி தன் பொறுப்பில் அத்தனையையும் இங்கிலீஷ் எழுத்திலும் ஒரு தடவை அடித்து வைத்தாள். எழுத்தைப் பெரிதாக்கிச் சிவப்பாக்கினாள். ஆண்டியப்பன் நிம்மதியாக வீடு வந்தார்.

அடுத்த வாரம் போன் முப்பதானது.

"தங்கச்சி, என்னா பண்ணி வச்ச?" என்று போய் நின்றவரிடம் செவந்தி கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். தென்னங்கள்ளு எங்கே கிடைக்கும் என்று தேடினால் முதலில் வந்தது அவர் கடை. பனங்கள்ளுக்கும் அவர்தான். சுத்தமான கள்ளு காரைக்குடி என்று அடித்தாலும் அவரேதான்.

"அதுக்கு வார்த்த தெரியுதுண்ணே. 'கிடைக்காது'ங்கிறத அவ்வளவா கண்டுக்க மாட்டேங்குது. பேர்லயும் கள்ளு. உள்ள பதினேழு எடத்துல கள்ளு. கூடவே நாலு ஊரு பேரு. இந்தப் பக்கத்துல கள்ளப் பத்தி இவ்வளவு அக்கறையா வேற யாருமே எழுதலண்ணே."

ஆண்டியப்பன் அந்தத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தன் வாழ்நாளில் அவர் எதிலும் முதலாவதாக வந்தது கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில்கூட இல்லை.

மதுவிலக்குப் போலீசார் அதற்கு மறுவாரம் வந்தார்கள். சப்-இன்ஸ்பெக்டர் பரிமளா, கூட இரண்டு கான்ஸ்டபிள். உரல் ஒவ்வொன்றாகக் குனிந்து மோந்து பார்த்தார்கள். முந்தின நாள் பெய்த மழைத்தண்ணீர் எல்லா உரலிலும் நின்றது. ஒரு கான்ஸ்டபிள் அதில் ஒரு சொட்டைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "தண்ணிதாம்மா" என்றார்.

"நெட்டுல கள்ளுன்னு தேடினா மொதல்ல ஒங்க கடை வருது" என்றார் பரிமளா.

"கிடைக்காதுன்னுதாங்கம்மா எழுதியிருக்கு. செவப்புல."

"அதத்தான் நானும் கேக்கிறேன். விக்காதவன் எதுக்குய்யா விக்கலன்னு எழுதணும்? நான்கூடத்தான் கஞ்சா விக்கல. வாசல்ல போர்டா வச்சிருக்கேன்?"

ஆண்டியப்பனுக்கு யோசிக்க யோசிக்க அந்த அம்மா சொல்வதுதான் சரியென்று பட்டது. எழுத்துப் பிழையால் வந்த சங்கடம் என்று ஒரு வாக்குமூலம் எழுதி வாங்கினார்கள். அதிலும் கான்ஸ்டபிள் பெரிய ள போட்டுவிட, ஆண்டியப்பன் பயந்துகொண்டே விரலால் காட்டினார். பரிமளா அதை அடித்துச் சரிசெய்து சுருக்கொப்பம் வைத்தார்.

போலீஸ் வந்துபோன செய்தி பரவியதும் இன்னொரு கூட்டம் வந்தது. கள் இறக்க அனுமதி வேண்டும் என்று மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிற சங்கத்துக்காரர்கள். தலைவர் பெயர் அன்புமொழி. வந்ததும் வராததுமாக ஆண்டியப்பனுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"தடை இருக்கிற காலத்துல, கள்ளுக்கடைன்னு பேரையே பதிவு பண்ணுன ஒரே ஆளு நீங்கதான். போலீசு வந்தும் அசையலயாமே."

"அது சின்ன ல-ங்க" என்றார் ஆண்டியப்பன்.

அன்புமொழி அவர் தோளில் கைவைத்து அழுத்தினார். "புரியுதுங்க. வெளிய அப்படித்தான் சொல்லணும்."

"நெசமாவே சின்ன ல-ங்க. இந்தா பாருங்க, கல்லு."

"நல்லா யோசிச்சு வச்சிருக்கீங்க" என்று சுற்றிலும் கிடந்த கற்களை மெச்சிப் பார்த்துவிட்டுப் போனார்கள். பொன்னாடையைத் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை.

இதற்கிடையில் மீனம்மாள் ஒன்றைக் கவனித்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கரூரிலிருந்து ஒரு வேன் வந்தது. கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புகிற குடும்பம். ஆண்கள் கள் கேட்டு வந்து, வழக்கம்போல ஏமாந்து, வழக்கம்போல நம்பாமல் கல்லுக்குப் பின்னாலெல்லாம் தேடிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வேனுக்குள் வெந்துகொண்டிருந்தார்கள். மீனம்மாள் அப்போது மதியச் சோற்றுக்காக விற்பனை அம்மி ஒன்றில் பிரண்டைத் துவையல் அரைத்துக்கொண்டிருந்தாள். வேனிலிருந்து ஒரு அம்மாள் இறங்கி வந்தாள். ஒரு சிட்டிகை வாங்கி நாக்கில் வைத்துக்கொண்டு, வேனைப் பார்த்து, "ஏ, எல்லாரும் எறங்கி இங்கிட்டு வாங்கடி" என்றாள்.

அன்றைக்கு மூன்று அம்மி போனது. கள் குடிக்க வந்த ஆண்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்து அம்மியைத் தூக்கி வேனில் ஏற்றினார்கள்.

அதன்பிறகு மீனம்மாள் தினமும் அரைத்தாள். போனில் கேட்கிறவர்களிடம் ஆண்டியப்பன் உள்ளதை உள்ளபடி, "இங்க கள்ளு கிடைக்காதுங்க" என்பார். அவர்கள், "புரியுதுண்ணே, போன்ல பேசக்கூடாது" என்று வைத்துவிட்டு நேரே வருவார்கள். அம்மி விற்றது, உரல் விற்றது, பாப்பாக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கள்ளுக்கு வந்த ஒருவர் யோசித்து யோசித்து வீட்டுக்கு இரண்டு படிக்கல் வாங்கிக்கொண்டு போனார்.

ஆண்டியப்பனுக்கு இதில் மனசு ஒப்பவில்லை.

"அவன் எதையோ நெனச்சுக்கிட்டு வாரான். நாம எதையோ தலையில கட்டி அனுப்புறோம்."

"கிடைக்காதுன்னு செவப்புல எழுதி வச்சிருக்கு. போன்லயும் சொல்றீக. போலீசுகிட்டயும் சொல்லியாச்சு. இன்னும் எம்புட்டு உண்மைதான் பேசுறது?" என்றாள் மீனம்மாள்.

செவந்தி போன் செய்து, "வேற பேரு ரெண்டு மூணு பாத்து வச்சிருக்கேண்ணே, மாத்திரலாமா?" என்று கேட்டபோது, "கொஞ்ச நாளு போகட்டும் தங்கச்சி" என்று மட்டும் சொன்னார்.

எட்டு மாதம் இப்படியே ஓடியது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை போன் வரவில்லை. புதன்கிழமையும் வரவில்லை. போன் கெட்டுவிட்டது என்று நினைத்து மீனம்மாளை வேலிக்கு வெளியே போய்க் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். மணி அடித்தது. எடுத்து, "நல்லாத்தான் கேக்குது" என்றார். "எனக்கும் கேக்குது, வைங்க" என்றாள் அவள்.

செவந்தி தேடிப் பார்த்தாள். கள்ளு என்று எத்தனை விதமாக அடித்தாலும் கடை வரவில்லை.

"கண்டுபிடிச்சிருச்சுண்ணே" என்றாள்.

"யாரு, போலீசா?"

"மெஷினு. கள்ளுன்னு தேடி நம்ம சைட்டுக்குள்ள வந்தவன் எல்லாம், ஒரு பார்வ பாத்துட்டு ஒடனே வெளிய போயிருக்கான். நூறு பேரு, ஆயிரம் பேரு அப்படிப் போனா, இங்க சரக்கு இல்லன்னு அதுக்குத் தெரிஞ்சுபோகும்னு நெனக்கிறேன். பேர மட்டும் நம்பிக்கிட்டிருந்த காலம் போச்சுண்ணே. ரொம்பப் பேரு நம்மள மாதிரியே பேர வச்சே ஏமாத்தியிருப்பாங்க போல."

"நாம ஏமாத்தலையே" என்றார் ஆண்டியப்பன் வருத்தத்தோடு. "சரி, போகட்டும். நல்ல கல்லுன்னு தேடினா வருவோம்ல?"

செவந்தி அடித்துப் பார்த்தாள். பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனாள். எட்டாவது பக்கத்தில், ஒரு பல் டாக்டருக்கும் கல்யாணத் தரகருக்கும் நடுவில் கடை கிடந்தது.

"ஒங்க சைட்டுல கல்லப் பத்தி எங்கண்ணே இருக்கு? 'இது கல்லுக்கடை'ன்னு ஒரே ஒரு வரி. மிச்சம் பூரா கள்ளு."

ஆண்டியப்பனுக்கு அதைக் கேட்டபோது போலீஸ் வந்த அன்றைக்கு இருந்ததைவிட வெட்கமாக இருந்தது. கல்லைப் பற்றிப் பேசத் தெரிந்த மனிதர், ஒன்பது மாதமாகக் கள்ளைப் பற்றியே எழுதி வைத்திருக்கிறார்.

அடுத்த இரண்டு நாளும் செவந்தி மடிக்கணினியோடு கடைக்கே வந்தாள். ஆண்டியப்பன் நடந்துகொண்டே சொன்னார். கல்லை நனைத்து வெயிலில் விடு. சுற்றிலும் காய்ந்தபிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றால் அது வெடிப்பு, அந்தக் கல் வேண்டாம். வேலிக்கல் ஏழடி வாங்கினால் ஒன்றரை அடியாவது மண்ணுக்குள் போகவேண்டும். துவைக்கிற கல்லைப் பளபளவென்று இழைக்கக் கூடாது, துணி வழுக்கும். அம்மிக்கு வந்தபோது, புது அம்மியை இரண்டு தடவை கழுவினால் போதும் என்று அவர் சொல்ல, மீனம்மாள் கொட்டகையிலிருந்து எழுந்தே வந்துவிட்டாள்.

"யாரு சொன்னா? கழுவிட்டு ஒடனே அரச்சா பல்லுல மணலுதான் கடிபடும். மொதல்ல தவிடு போட்டு அரைக்கணும். அப்புறம் கல்லுப்பு. அப்புறம் ஊற வச்ச அரிசி. அரைக்கிறத பூராம் எடுத்துக் கொட்டிறணும். வெரல்ல தடவுனா நறநறன்னு இருக்கக் கூடாது. அதுக்குப் பெறகுதான் தேங்கா."

செவந்தி அவள் சொன்னதைத்தான் அடித்தாள். மீனம்மாள் அரைப்பதைப் போனில் படமும் எடுத்துப் போட்டாள். சிவப்பு அறிவிப்பை அழித்துவிட்டாள். பெயரை மட்டும் மாற்றவில்லை.

நாலைந்து மாதத்தில் போன் திரும்பி வர ஆரம்பித்தது. முப்பது இல்லை, நாளுக்கு இரண்டு மூன்று. புது அம்மியை எப்படிப் பழக்குவது என்று தேடியவர்கள் மீனம்மாளைக் கேட்டார்கள். வெடிப்பு பார்ப்பது எப்படி என்று படித்துவிட்டுச் சேலத்திலிருந்து ஒருவர் தூணுக்குக் கேட்டார். ஆனால் ஆண்டியப்பன்தான் சூடுபட்ட பூனையாகிவிட்டார். கல்லு என்று யார் கேட்டாலும் சந்தேகம்.

போன மாசம் ஒரு போன். "கல்லு வேணுங்க" என்றது வயதான குரல்.

"எந்தக் கல்லு?"

"கல்லுங்க. ஒங்க கடையில என்ன விக்கிறீங்க?"

"அது இருக்கட்டும். ஒங்களுக்கு வேண்டியது குடிக்கிறதா, நடுறதா?"

அந்தக் குரல் நிதானமாகச் சொன்னது. "எம் பேரு சவரியப்பன். வல்லத்திராக்கோட்டை. முப்பத்தோரு வருஷம் தமிழ் வாத்தியாரா இருந்தவன். நாக்கு நுனி மேல்பல்லத் தொடும் பாருங்க, அந்த ல. வயலுக்கு வேலி போடணும். அறுபது கல்லு வேணும். இதுக்கு மேல நான் சத்தியம்தான் பண்ணணும்."

ஆண்டியப்பன் எழுந்து நின்றுகொண்டு, "மன்னிச்சுக்கங்க சார்" என்றார். அறுபதையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துப் பொறுக்கி, தானே லாரியில் ஏறிக் கொண்டுபோய் இறக்கினார். வாத்தியார் கல்லைப் பார்த்துத் திருப்தியானார். பிறகு வீட்டுக்குள் போய் மூன்று தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். வெப்சைட்டில் இருந்த அத்தனை ஒற்றுப் பிழையும் வரிசையாகச் சிவப்பு மையில் குறித்திருந்தது. ஆண்டியப்பன் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, திரும்புகிற வழியில் லாரியைக் கீரனூருக்கு விடச் சொன்னார்.